சிங்காசனத்தின் முன்னே ஒரு வழக்கு

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைத் தொட்டு நின்றன. தேவன் நீதியுள்ளவர் என்றும் சகலத்தையும் ஆளுகிறவர் என்றும் நாம் அறிக்கையிடுகிறோம். அப்படியானால் எங்களுக்கு நடந்தது என்ன என்பதே அவற்றின் கேள்வி. வேறு கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த நான்குக்கும் இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் தம் உறவினர் ஒருவரோடு கூட்டாகத் தொழில் நடத்தினார். நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதங்களை வைத்தே அந்த உறவினர் எல்லாவற்றையும் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் மனம் உடைந்தே இறந்துபோனார். அந்த மனிதரோ நாங்கள் போகும் அதே ஆலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறார். தாராளமாகக் காணிக்கை கொடுக்கிறார். நான் வாய் திறந்தால், “தேவன் ஆளுகிறார், எல்லாம் அவர் சித்தம், பேசாமல் இருங்கள்” என்கிறார்கள். தேவனிடம் நியாயம் கேட்பது அவிசுவாசமா?

பதில்: அன்புள்ள சகோதரி, அது அவிசுவாசம் அல்ல. மற்ற எதையும் எழுதுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், ஏனென்றால் பதினொரு ஆண்டுகளாக உங்களுக்கு நேர்மாறானதைச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

“தேவன் ஆளுகிறார்” என்ற வாக்கியம் மெய்யானது. ஆனால் உங்களைச் சுற்றியிருப்பவர்கள் அதை உங்கள் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறார்கள். வேதமோ அதே வாக்கியத்தை வைத்து ஒடுக்கப்பட்டவனின் வாயைத் திறக்கிறது. “நீதியும் நியாயமும் உம்முடைய சிங்காசனத்தின் ஆதாரம்” என்கிறது 89-ஆம் சங்கீதம். ஆதாரம் என்றால் சிங்காசனம் எதன்மேல் நிற்கிறதோ அது. சோதோமுக்காகப் பரிந்து பேசிய ஆபிரகாம், “சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ” என்று கேட்டபோது தேவனுடைய ஆளுகையைச் சந்தேகிக்கவில்லை. அந்த ஆளுகையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார். ஆளுகிறவர் ஒருவர் இல்லையென்றால் உங்களுக்கு நடந்தது வெறும் துரதிர்ஷ்டம், முறையிடுவதற்கு இடமே இல்லை. ஆளுகிறவர் இருப்பதால்தான் அது அநியாயம் என்று பெயர் பெறுகிறது, அதைக் கொண்டுபோக ஒரு வாசலும் இருக்கிறது.

எரேமியா எப்படிப் பேசினார் என்று பாருங்கள். 12-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், தேவன் நீதியுள்ளவர் என்று முதலில் ஒப்புக்கொள்கிறார், ஆகிலும் உம்முடைய நியாயங்களைக்குறித்து உம்மோடே பேச வேண்டும் என்கிறார், அதன்பின், “ஆகாதவர்களின் வழி வாய்க்கிறதென்ன?” என்று நேராகவே கேட்டுவிடுகிறார். தேவன் அவரைத் தீர்க்கதரிசி ஊழியத்திலிருந்து தள்ளிவிடவில்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. ஆராதனையில் பாடுவதற்கென்று தொகுக்கப்பட்ட புத்தகத்திலேயே இத்தனை முறையீடுகளுக்கு இடம் கொடுத்திருக்கும்போது, உங்கள் ஒருவருடைய முறையீட்டுக்கு ஆலயத்தில் இடமில்லை என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை.

ஆனால் பதில் உடனே வரும் என்றோ, வரும்போது இனிப்பாக இருக்கும் என்றோ உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. “கர்த்தாவே, நான் எதுவரைக்கும் உம்மை நோக்கிக் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே” என்று ஆபகூக் கதறினார். தம் நாட்டுக்குள் நடக்கும் கொடுமையைத் தேவன் கண்டுகொள்ளவில்லை என்பதே அவருடைய வழக்கு. கிடைத்த பதிலோ கேள்வியைவிடப் பயங்கரமாக இருந்தது: பாபிலோனியரை எழுப்புகிறேன் என்றார் தேவன். தங்களைவிடக் கொடியவர்களைக் கொண்டா நீதி செய்வீர் என்று தீர்க்கதரிசி இரண்டாவது முறையும் வழக்காடினார். அதன் பிறகுதான், குறித்த காலத்துக்கு வைக்கப்பட்ட தரிசனம் தாமதித்தாலும் அதற்குக் காத்திரு என்ற சொல்லும், “தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்” என்ற சொல்லும் வந்தன. கி.மு. 586-இல் எருசலேம் விழுந்தது. அதை வீழ்த்திய பாபிலோன் கி.மு. 539-இல் பெர்சியரிடம் விழுந்தது. இடையில் 47 ஆண்டுகள். அந்த நாளை ஆபகூக் கண்டதாக வேதத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. அவர் காத்திருந்தார் என்பது மட்டும் தெரிகிறது.

தாமதம் ஏன்? எல்லாரும் மனந்திரும்ப வேண்டுமென்று தேவன் நீடிய பொறுமையோடு இருக்கிறார் என்று பேதுருவின் இரண்டாம் நிருபம் சொல்கிறது. சகோதரி, இந்த வசனம் உங்களுக்குக் கசக்கும் என்று அறிவேன். அந்த மனிதருக்குக் கொடுக்கப்படும் அவகாசத்தின் விலையை உங்கள் கண்ணீரில் அல்லவா கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்? இதை மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. வேதமும் மழுப்பவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 6-ஆம் அதிகாரத்தில் இரத்தசாட்சிகள் பரலோகத்திலேயே, பலிபீடத்தின் கீழிருந்து, “எதுவரைக்கும்” என்று உரத்த சத்தமாய்க் கேட்கிறார்கள். கண்ணீரெல்லாம் தீர்ந்த பிறகும் கேட்கப்படுகிற கேள்வி அது. அவர்களை ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. வெள்ளை அங்கி கொடுத்து, இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாறச் சொன்னார்கள்.

பழிவாங்குவதைத் தேவனுக்கு விட்டுவிடுங்கள் என்ற ரோமர் 12-இன் கட்டளை உங்களுக்கும் உண்டு. அதற்கு, வழக்கு தள்ளுபடியானது என்று அர்த்தமல்ல. உங்கள் கையைவிட உயர்ந்த கைக்கு மாற்றப்பட்டது என்றே அர்த்தம். சட்டத்தின் வழியில் உரிமையைக் கேட்பதையும் அது தடுக்கவில்லை. அதே நிருபத்தின் அடுத்த அதிகாரம், தீமை செய்கிறவன்மேல் தண்டனை வரப்பண்ணுகிற அதிகாரியைத் தேவ ஊழியக்காரன் என்றே அழைக்கிறது. தமக்கு அநீதி நேரிட்டபோது பவுல் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடமே மேல்முறையீடு செய்தார்.

உங்கள் சபையின் போதகருக்கும் மூப்பர்களுக்கும் ஒரு சொல். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்தவருக்கு நல்ல இடம் காட்டி, ஏழையை நிற்க வைப்பதைப் பாவம் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். சகோதரனுக்குக் குறை இருக்கிறது என்று நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பாக வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகும்படி ஆண்டவர் சொன்னார். காணிக்கையைப் பெற்றுக்கொள்ளுகிறவர்கள் அந்த நினைவை ஊட்டக் கடமைப்பட்டவர்கள். ஒரு விதவையிடம் “தேவன் ஆளுகிறார்” என்று சொல்வதற்கு முன்னால், முன்வரிசையில் இருப்பவரிடம் அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவருக்குத்தான் அது முதலில் தேவைப்படுகிறது.

73-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள், சகோதரி. இரண்டாம் வசனத்தில் சறுக்கப் போனது அதைப் பாடிய ஆசாபின் கால்கள். 18-ஆம் வசனத்தில் சறுக்கலான இடத்தில் நிற்பவர்கள் துன்மார்க்கர். இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில் வெளியே எதுவும் மாறவில்லை. ஆசாப் தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்தார், அவ்வளவே.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். பார்வோனுடைய இருதயத்தைத் தேவனே கடினப்படுத்திவிட்டு, பிறகு அவனைத் தண்டித்தது எப்படி நியாயமாகும்? யூதாஸும் முன்குறிக்கப்பட்டதைத்தானே செய்தான்?

பதில்: தம்பி, யாத்திராகமத்தை முதலிலிருந்து ஒரே மூச்சில் வாசித்தால் ஓர் ஒழுங்கு தென்படும். கடினப்படுத்துவேன் என்று தேவன் மோசேயிடம் 4-ஆம் அதிகாரத்திலேயே முன்னறிவித்தார். அதை மறைத்துவிட்டுப் பதில் சொல்வது நேர்மையாகாது. ஆனாலும் வாதைகள் தொடங்கிய பின், முதல் ஐந்து வாதைகளிலும் பார்வோன் தன் இருதயத்தைத் தானே கடினப்படுத்தினான் என்றோ, அவன் இருதயம் கடினமாயிற்று என்றோதான் எழுதியிருக்கிறது. கர்த்தர் கடினப்படுத்தினார் என்ற வாக்கியம் ஆறாவதாகிய கொப்புள வாதையில்தான் வருகிறது. அதற்குப் பின்னும், கல்மழை நின்றதைக் கண்டவுடன், அவன் தானே மறுபடியும் கடினப்படுத்திக்கொண்டான். மென்மையான ஓர் இருதயத்தைத் தேவன் பிடித்துக் கல்லாக்கியதாக அங்கே ஒரு வரியும் இல்லை. ரோமர் முதலாம் அதிகாரத்தில் மூன்று முறை வரும் “ஒப்புக்கொடுத்தார்” என்ற சொல் இதற்கு உதவும்: மனிதன் விடாப்பிடியாகக் கேட்டதையே அவன் கையில் கொடுத்துவிடுவதும் ஒரு நியாயத்தீர்ப்பு.

இதோடு உங்கள் கேள்வி முடிந்துவிடாது. தேவனுடைய தீர்மானமும் மனிதனுடைய பொறுப்பும் எப்படிப் பொருந்துகின்றன என்பதில் சபைக்குள்ளேயே நூற்றாண்டுகளாக வாதம் உண்டு. நெதர்லாந்தில் ஆர்மீனியுஸ் என்ற இறையியலாளர் 1609-இல் இறந்தபின், அவரைப் பின்பற்றியவர்கள் 1610-இல் இதுபற்றி ஐந்து கருத்துகளை முன்வைத்தார்கள். 1618–19-இல் கூடிய டார்ட் என்ற திருச்சபை மாமன்றம் அவற்றை மறுத்தது. தேவனுடைய தீர்மானத்தை அழுத்திச் சொல்லும் கால்வினைப் பின்பற்றும் சபைகளும், மனிதனுடைய பொறுப்பை அழுத்திச் சொல்லும் வெஸ்லியைப் பின்பற்றும் சபைகளும் இன்றும் இதில் வேறுபடுகின்றன. ஆனால் ஒன்றில் அவர்களுக்குள் சண்டை இல்லை. தேவனுடைய நித்திய தீர்மானத்தை மிக அழுத்தமாகச் சொல்லும் 1646-ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையே, அதே பத்தியில், பாவத்தின் காரணகர்த்தா தேவன் அல்ல என்றும் சொல்லிவிடுகிறது.

என் நிலையைக் கேட்டால், இரண்டில் எதையும் குறைக்க வேதம் எனக்கு அனுமதி தரவில்லை என்பேன். “தீர்மானிக்கப்பட்டபடியே மனுஷகுமாரன் போகிறார், ஆனாலும் அவரைக் காட்டிக்கொடுக்கிற மனுஷனுக்கு ஐயோ” என்று ஒரே மூச்சில் ஆண்டவர் சொன்னார். “ஆனாலும்” என்ற அந்தச் சொல்லைத் தாண்டிப் போக முயன்றவர்கள், ஒன்று தேவனைக் கையாலாகாதவராக்கினார்கள், அல்லது மனிதனைப் பொம்மையாக்கினார்கள். ஏசாயா 10-இல் அசீரியா தேவனுடைய கையிலுள்ள கோல் என்று அழைக்கப்படுகிறது. ஆனால் அசீரிய ராஜாவின் மனதில் இருந்தது தேவ சித்தம் அல்ல, ஜாதிகளை அழிக்கும் ஆசை. அந்த ஆசைக்காகவே அவன் தண்டிக்கப்படுகிறான். கோலாகப் பயன்பட்டேன் என்பது அவனுக்குச் சாக்காகவில்லை.

யோசேப்பின் வார்த்தையையும் கவனியுங்கள்: “நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ” அதை நன்மையாக முடியப்பண்ணினார். எபிரெய மூலத்தில் சகோதரர்கள் நினைத்ததற்கும் தேவன் நினைத்ததற்கும் ஒரே வினைச்சொல்தான் இருக்கிறது. ஒரே செயலில் இரண்டு நோக்கங்கள். ஒன்று குற்றம், மற்றது இரட்சிப்பு. இந்த வசனத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இதைச் சொன்னவர் பாதிக்கப்பட்டவரே. சகோதரர்கள் அவரைக் குழியில் போட்டு, பின் விற்றபோது அவருக்கு வயது 17. இதைச் சொன்னபோது, ஆதியாகமத்தின் கணக்குப்படி, ஏறத்தாழ 56. குழிக்குள் கிடந்த 17 வயதுப் பையனிடம், மேலே நின்றுகொண்டு, எல்லாம் நன்மைக்குத்தான் என்று எவரும் குனிந்து சொல்லவில்லை.

கேள்வி: எங்கள் மகன் பிறவியிலேயே பேச இயலாதவன். வீட்டுக்கு வந்த ஊழியர் ஒருவர், முன்னோர் செய்த பாவத்தின் சாபம் இது என்றும், அதை அறிக்கையிட்டு முறிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் மனைவி சரியாகத் தூங்குவதில்லை.

பதில்: சகோதரரே, இந்தப் பக்கத்தை உங்கள் மனைவியிடம் காட்டுங்கள். உங்கள் மகனுடைய நிலை யாருடைய பாவத்துக்கும் தண்டனை என்று சொல்ல அந்த ஊழியருக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். “அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல” என்று ஆண்டவர் தெளிவாகவே மறுத்தார். பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிப்பதாகச் சொல்லும் யாத்திராகமம் 20:5-ஐ அந்த ஊழியர் காட்டியிருக்கலாம். அங்கே “என்னைப் பகைக்கிறவர்களை” என்ற சொல் இருக்கிறது, அடுத்த வசனத்தில் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் இருக்கிறது. முன்னோர் திராட்சக்காய் தின்றதால் பிள்ளைகளின் பற்கள் கூசின என்று பழமொழி பேசிய ஜனங்களிடம், இனி அதைச் சொல்லாதிருங்கள் என்று எசேக்கியேல் 18-இல் தேவன் ஆணையிட்டே தடுத்தார். தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்றார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோதும், மற்றவர்களைவிட அவர்கள் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று ஆண்டவரே பதிலும் சொன்னார்.

துன்பத்தைப் பார்த்தவுடன் அதற்குப் பின்னால் இருக்கும் பாவத்தைத் தேடுவது, தேவனுடைய நீதியைக் காப்பாற்றுவதுபோலத் தோன்றும். யோபுவின் நண்பர்கள் அதைத்தான் செய்தார்கள். முடிவில் தேவன் கோபப்பட்டது, வழக்காடிய யோபுவின்மேல் அல்ல. தமக்காக வக்காலத்து வாங்கிய அவர்கள்மேல். என் தாசனாகிய யோபுவைப்போல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார்.

இதில் எனக்கும் ஒரு கடன் இருக்கிறது. ஊழியத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில், ஆறு வயதுப் பெண் குழந்தை காய்ச்சலில் இறந்துபோன ஒரு வீட்டுக்குப் போனேன். தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு; அறுந்த வாரை ஓர் ஊக்கால் குத்தி வைத்திருந்தார்கள். நான் நின்றபடியே வேதத்தைத் திறந்து, சகலமும் நன்மைக்கேதுவாக நடக்கிறது என்ற ரோமர் 8-இன் வசனத்தை வாசித்து, தேவ சித்தம் என்று ஏதோ பேசினேன். முடிக்கும் வரை அவர் பொறுத்திருந்தார். பிறகு நிமிர்ந்து பார்த்து, “ஐயா, அது எனக்கும் தெரியும். கொஞ்சம் உட்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். அந்த ஊக்கு துருப்பிடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் வாசித்த வசனத்தில் பிழை இல்லை. அதை நின்றுகொண்டு வாசித்ததுதான் பிழை. யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது.

உங்கள் மகன் ஏன் இப்படிப் பிறந்தான் என்று நான் சொல்லப்போவதில்லை. வாயை உண்டாக்கியவர் தாம் என்றும், ஊமையனையும் தாமே உண்டாக்கினவர் என்றும் தேவன் மோசேயிடம் சொன்னார். சாபத்தின் கணக்கில் எழுதாமல், தம்முடைய கையின் கணக்கில் அவர் உங்கள் பிள்ளையை எழுதிக்கொள்கிறார். முறிக்க வேண்டியது எதுவும் உங்கள் வீட்டில் இல்லை.

கேள்வி: என் அண்ணனைக் கொன்றவர் சிறையில் மனந்திரும்பி, தண்டனைக் காலம் முடிந்து வெளியே வந்து, இப்போது மேடைகளில் சாட்சி சொல்கிறார். தேவன் அவரை மன்னித்துவிட்டார் என்று எல்லோரும் கைதட்டுகிறார்கள். என் அண்ணனுக்கு நீதி எங்கே?

பதில்: அவர் மெய்யாக மனந்திரும்பியிருந்தால் தேவன் அவரை மன்னித்திருக்கிறார். இதை உங்களுக்காக மாற்றிச் சொல்ல என்னால் முடியாது; சொன்னால் எனக்கும் நம்பிக்கை இல்லாமற்போகும். ஆனால் அந்த மன்னிப்பு, நடந்ததை நடக்காததாக எண்ணிய மன்னிப்பு அல்ல. தேவன் தாம் நீதியுள்ளவராகவும், விசுவாசிக்கிறவனை நீதிமானாக்குகிறவராகவும் விளங்க வேண்டியிருந்ததால்தான் சிலுவை தேவைப்பட்டது என்று ரோமர் 3 சொல்கிறது. குற்றத்தை லேசாக எடுத்துக்கொள்ளுகிற தேவனாக இருந்திருந்தால் ஒரு வார்த்தையோடு முடித்திருப்பார். உங்கள் அண்ணனின் இரத்தத்துக்கு அவர் போட்ட விலை, தம் குமாரனுடைய இரத்தம்.

மன்னிக்கப்பட்டவர் எப்படிப் பேசுவார் என்பதற்கு, ஆண்டவரோடு சிலுவையில் தொங்கிய கள்ளன் அடையாளம். “நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்” என்றான். பரதீசு அவனுக்கு வாக்களிக்கப்பட்டது. சிலுவையிலிருந்து அவன் இறக்கிவிடப்படவில்லை. சகேயு மன்னிப்புப் பெற்ற நாளில், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னான். உயிரை அப்படித் திருப்பித் தர முடியாது. ஆனாலும் மேடை ஏறுவதற்கு முன்னால் உங்கள் வாசலுக்கு வந்திருக்க வேண்டும், கதவு திறக்கப்படும் என்ற எதிர்பார்ப்பே இல்லாமல். அவரை மேடைக்கு அழைக்கிறவர்கள், இறந்தவருடைய குடும்பத்தை ஒரு முறையாவது கேட்டார்களா? கேட்கவில்லையென்றால் அந்தக் கைதட்டலில் எனக்குப் பங்கு வேண்டாம். நீங்கள் அவரை மன்னிக்க வேண்டும் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். அதை இந்த மாதத்துக்குள் முடிக்கும்படி உங்களை நெருக்க எனக்கு உரிமை இல்லை.

உங்கள் அண்ணன் மறக்கப்பட்டாரா என்பதுதான் கேள்வியின் அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தாவீது ராஜா தம் படைவீரனும் பத்சேபாளின் கணவனுமான உரியாவைக் கொல்லுவித்தார், மனந்திரும்பினார், கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார் என்று நாத்தான் தீர்க்கதரிசியின் வாயால் கேட்டார். தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல் சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தின் 23-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. 37 பேர். அந்தப் பட்டியல் முடிகிற பெயர், ஏத்தியனாகிய உரியா. பல நூற்றாண்டுகள் கழித்து மத்தேயு தன் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் இயேசு கிறிஸ்துவின் வம்ச அட்டவணையை எழுதுகிறார். சாலொமோனைப் பெற்ற தாயின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் பத்சேபாள் என்று அவர் எழுதவில்லை. உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று எழுதினார்.